கோச் ஆகப் போறீங்களா? முதல்ல 28 பேரை எண்ணுங்க

போன ஜூலையில் சீசன் நல்லா இருந்த ஒரு காலை. பழைய குற்றாலத்தில் குளிச்சிட்டு, தலையைக்கூட சரியா துவட்டாம டீக்கடையில் நிக்கிறோம். என் சித்தி மகன் சொன்னான்: "அண்ணே, அடுத்த மாசம் பேப்பர் போடப் போறேன். லைஃப் கோச் ஆயிரலாம்னு இருக்கேன்."

பையன் ஐடியில் இருக்கான். வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைச்சதும் சென்னை ரூமைக் காலி பண்ணிட்டு தென்காசி மேலகரத்துக்கே வந்துட்டான். கைக்கு 65,000 வருது. நல்லா பேசுவான், பொறுமையா கேட்பான். ஆஃபீஸில் ஜூனியர் பசங்க இவன்கிட்டதான் வந்து புலம்புவாங்க. அதனால் அவன் ஆசையில் எனக்குத் தப்பு எதுவும் தெரியலை. "எவ்வளவு செலவு பண்ணியிருக்க?"ன்னு மட்டும் கேட்டேன். 1,80,000 ரூபாய் கோர்ஸ், 20,000 அட்வான்ஸ் கட்டியாச்சு, மிச்சம் இஎம்ஐ. கோர்ஸ் முடிஞ்சா சர்டிஃபிகேட் வரும், அதைப் பார்த்து கிளையண்ட் வருவாங்கன்னு சொல்லியிருக்காங்க.

எனக்கு டீ இறங்கலை.

இதே கேள்வியை நம்ம சேனல் பார்க்கிற நிறைய பேர் கேட்கிறீங்க. அதனால அன்னைக்கு டிஷ்யூ பேப்பரில் போட்ட கணக்கை இங்கே கொஞ்சம் ஒழுங்கா எழுதுறேன்.

65,000 என்பது 65,000 இல்லை

வேலையை விடும்போது நாம கைக்கு வர்ற சம்பளத்தை மட்டும்தான் கணக்கில் எடுப்போம். பிஎஃப்பில் அவன் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800. அவனுக்கும் அப்பா அம்மாவுக்கும் கம்பெனி போட்டிருக்கிற மருத்துவக் காப்பீட்டைத் தனியா வாங்கினா மாசம் சுமார் 3,500 ஆகும். அப்புறம் கிராஜுவிட்டி. அவனோட பேசிக் 36,000. அஞ்சு வருஷம் முடிச்சா 36,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5-ஆல் பெருக்கணும்: கிட்டத்தட்ட 1,04,000 ரூபாய். அன்னைக்கு அவன் சர்வீஸ் 4 வருஷம் 2 மாசம். அடுத்த மாசம் பேப்பர் போட்டா அதில் ஒரு ரூபாயும் கிடையாது.

எல்லாத்தையும் மாசக் கணக்கில் கூட்டினா 74,000 வருது. கோச்சா இருக்க நெட், ஜூம் சந்தா, பயணம், கொஞ்சம் விளம்பரம்னு 10,000 வெச்சுக்கோங்க. ஆக, இப்போ இருக்கிற அதே வாழ்க்கைக்கு மாசம் 84,000 வரணும். லீவு போட்டா சம்பளம் வராதுங்கிறதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஒரு செஷனுக்கு 1,500 வாங்கலாம்னு நினைச்சான். புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு அது குறைஞ்ச தொகை இல்லை. ஒரு ஆளுக்கு மாசம் 2 செஷன்னா 3,000. அப்போ 84,000-க்கு ஒரே நேரத்தில் 28 கிளையண்ட் வேணும்.

56 செஷன். முன்னாடி தயாரிப்பு, பின்னாடி குறிப்பு எழுதுறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு மணி நேரம் போட்டா 112 மணி நேரம். இதுவரைக்கும்கூட சமாளிச்சுடலாம். மூச்சு வாங்குறது அடுத்த கணக்கில்தான். யாரும் உங்ககூட ஆயுசுக்கும் இருக்கப் போறதில்லை. மூணு மாசப் பேக்கேஜ்னா மாசாமாசம் 9 பேர் முடிச்சுட்டுப் போவாங்க, புதுசா 9 பேர் வரணும். இலவசமா பேசிப் பார்க்கிற நாலு பேரில் ஒருத்தர் பணம் கட்டுறார்னு தாராளமா வெச்சாலும், மாசம் 36 பேரிடம் பேசியாகணும். ஞாயிறு உட்பட தினமும் ஒண்ணுக்கு மேல.

அதாவது அவன் சேரப் போற வேலையில் பாதி நேரம் ஆள் தேடுறதுதான். கோர்ஸில் அதுக்கு இருந்தது ஒரே ஒரு மாட்யூல்.

சர்டிஃபிகேட் முதல்ல வராது

இந்தத் தொழிலின் கதையே நம்ம பக்கத்து வீட்டில் ஆரம்பிக்குதுன்னு சொல்லலாம். கோச்சிங்கை ஒரு தொழிலா வடிவமைச்சவங்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் தாமஸ் லியோனார்ட். 1980-களில் அவர் ஃபைனான்ஷியல் பிளானர். பணத்தைப் பற்றிப் பேச வந்த வாடிக்கையாளர்கள், அதோட நிறுத்தாம வாழ்க்கையைப் பற்றியும் கேட்க ஆரம்பிச்சாங்க. அங்கிருந்துதான் 1992-ல் கோச் யூ என்ற பயிற்சிப் பள்ளியும், 1995-ல் ஐசிஎஃப் என்ற கோச்சுகளின் சர்வதேச அமைப்பும் வந்தது. கவனிச்சீங்களா? அவருக்கு முதல்ல கிளையண்ட் இருந்தாங்க, அப்புறம்தான் தொழிலுக்குப் பெயரே வந்துச்சு.

அந்த ஐசிஎஃப் இன்னைக்கும் கொடுக்கிற ஆரம்ப நிலைச் சான்று ஏசிசி. அதுக்கு 60 மணி நேரப் படிப்பு மட்டும் போதாது, 100 மணி நேரம் கிளையண்ட்டோட கோச்சிங் பண்ணியிருக்கணும், அதில் 75 மணி நேரம் பணம் வாங்கிப் பண்ணதா இருக்கணும். ஆக, மதிப்பான சான்றுக்கே முதல்ல கிளையண்ட் வேணும். இந்தியாவில் கோச்சுன்னு போர்டு வைக்க எந்த லைசென்ஸும் தேவையில்லை. அது வசதிதான், ஆனா அதனாலேயே காகிதத்தைப் பார்த்து யாரும் உங்களை நம்பப் போறதும் இல்லை.

எங்க அப்பா அலமாரியில் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' அட்டை கிழிஞ்சு இருக்கு. தமிழில் சுயமுன்னேற்றத்துக்குப் பெரிய வாசகர் கூட்டமே உண்டு. ஆனா புத்தகத்தை ஒரு தடவை எழுதினா ஆயிரம் பேருக்கு விக்கலாம். கோச் விக்கிறது அவரோட மணி நேரத்தை. அந்தக் கூட்டம் அப்படியே உங்க கிளையண்ட் ஆயிடும்னு நினைக்காதீங்க.

சரி, ஆளை எங்கே பிடிக்கிறது?

இதை ஒரு சிஏ எழுதுறது வேடிக்கைதான். 1949-ம் வருஷத்து சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டப்படி, நாங்க "என்கிட்ட வாங்க"ன்னு ஆள் பிடிக்கக் கூடாது. இந்தச் சேனலில்கூட நான் அப்படிச் சொல்ல முடியாது. ஆனாலும் தென்காசியில் ஆடிட்டர் ஆஃபீஸ் ஓடுது. எப்படி? ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியோட ஜிஎஸ்டி நோட்டீஸைச் சரி பண்ணிக் கொடுத்தா, அவர் சம்பந்தி வருவார், சம்பந்தியோட மில் முதலாளி வருவார். பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு நிக்கிற வரிசையும் அப்படிச் சேர்ந்ததுதான்.

இதில் ஒரு விஷயம் இருக்கு. அண்ணாச்சி தன் சம்பந்தியிடம் "நல்ல ஆடிட்டர்"னு சொல்லலை, "நோட்டீஸை முடிச்சுக் கொடுத்தாரு"ன்னு சொன்னார். ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் ஒரே வரியில் சொல்ற மாதிரி உங்க வேலை இருக்கணும். "உங்கள் முழு ஆற்றலை வெளிக்கொணர்வேன்"னு போட்டா, அதை யார் யாரிடம் போய்ச் சொல்லுவாங்க?

தம்பியிடம் கேட்டேன்: "ஜூனியர் பசங்க உன்கிட்ட என்னதான்ல கேக்காங்க?" யோசிச்சுட்டுச் சொன்னான்: மீட்டிங்கில் வாயே திறக்க வரலை, மேனேஜர் முன்னாடி 'முடியாது'ன்னு சொல்ல வரலை. நம்ம ஊர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் படிச்சு, ஐடியில் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க. மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ வந்த பிறகு, இப்படிப்பட்ட பசங்களைப் பார்க்க சென்னைக்குத்தான் போகணும்னு இல்லை. அவங்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்கு, கட்ட சம்பளமும் இருக்கு. வேலை தேடிக்கிட்டு இருக்கிறவங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு, ஆனா அவங்க கையில் காசு இருக்காது. அவங்களுக்கு உதவுங்க, அவங்களை நம்பி வீட்டு வாடகையை வைக்காதீங்க.

இலவசமா ஆரம்பிக்கவும் வேண்டாம்னு சொன்னேன். 10 பேர், செஷன் 500 ரூபாய், நாலு செஷன். காசு கட்டினாதான் அவங்களுக்கு உண்மையிலேயே தேவை இருக்கான்னு தெரியும். எத்தனை செஷன், வரலைன்னா என்ன, பணம் எப்போ திரும்பக் கிடைக்கும்னு ஒரு பக்கத்தில் எழுதி முன்னாடியே அனுப்பிடணும். "ப்ரமோஷன் நிச்சயம்" மாதிரி வாக்கு கொடுக்கக் கூடாது. முடிஞ்ச பிறகு, "இதே சிரமம் உள்ள ஒருத்தர் பெயர் சொல்லுங்க"ன்னு ஒரே ஒருத்தரைக் கேட்கணும்.

ரெண்டு இடத்தில் கோடு போட்டுக்கோங்க. தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கலைன்னு ஒருத்தர் சொன்னா அது கோச்சிங் இல்லை, மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது. டெலி மானஸ் எண் 14416-ஐ ஃபோனில் வெச்சிருங்க. அதே மாதிரி, 'மணி கோச்'னு சொல்லிட்டு இந்த ஷேரை வாங்கு, அந்த ஃபண்டை விடுன்னு காசு வாங்கி ஆலோசனை சொன்னா செபி பதிவு வேணும்.

வேலையில் இருந்துக்கிட்டே பண்றவங்களுக்கு

முதல்ல உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் படிங்க. 2022 செப்டம்பரில் விப்ரோ 300 பேரை வெளியேத்தினது போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்ததுக்காக. கோச்சிங் போட்டி இல்லைதான், ஆனா பல கம்பெனி லெட்டரில் 'வேறு எந்த வருமானமும் கூடாது'ன்னே இருக்கும். எழுத்தில் அனுமதி கேளுங்க. தம்பிக்கு ஹெச்ஆர் மெயில் வர மூணு வாரம் ஆச்சு.

வரியில் பலர் பண்ற தப்பு, இந்த வருமானத்துக்கு 44ஏடிஏ போட்டு பாதித் தொகைக்கு மட்டும் வரி கட்டுறது. 1961 சட்டத்தில் அந்தப் பிரிவு டாக்டர், வக்கீல், இன்ஜினியர், அக்கவுண்டன்ட் மாதிரி பட்டியலில் உள்ள தொழில்களுக்கு. வாழ்க்கை கோச் அந்தப் பட்டியலில் இல்லை. வரவு செலவை எழுதி வெச்சு, உண்மையான லாபத்தைக் காட்டுறதுதான் நிம்மதி. ஐடிஆர்-1 இனி உங்களுக்குக் கிடையாது.

இன்னொண்ணு பெரிசு. வெறும் சம்பளக்காரர் பழைய வரி முறையா புதுசான்னு வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்தச் சுதந்திரம் போயிடும். பழைய முறையைத் தேர்ந்தெடுத்துட்டு ஒரு தடவை புதுசுக்குத் திரும்பினா, தொழில் வருமானம் இருக்கிற வரை மறுபடியும் பழையதுக்குப் போக முடியாது. வீட்டுக் கடன் வட்டியை நம்பிப் பழைய முறையில் இருக்கிறவங்க, 5,000 ரூபாய் கோச்சிங் வருமானத்துக்காக இதில் மாட்டிக்காதீங்க.

ஜிஎஸ்டிக்கு இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். சேவைக்கு வரம்பு வருஷம் 20 லட்சம், உங்க சம்பளம் அதில் சேராது. கல்லூரியில் பேசப் போனா, ஒரே இடத்திலிருந்து வருஷத்துக்கு 50,000 தாண்டினா பெரும்பாலும் 10% டிடிஎஸ் பிடிப்பாங்க, அதை ரிட்டர்னில் கேட்டு வாங்கிக்கலாம். பிடிக்கிறதைவிடப் பெரிய பிரச்சினை, கொடுக்கிறதே லேட்டாகும்.

தம்பி கதைக்கு வர்றேன். மிச்ச 1,60,000-ஐ அவன் கட்டலை. அட்வான்ஸ் 20,000 திரும்பக் கிடைக்கலை, போனது போனதுதான். 10 பேரைக் கேட்டதில் 7 பேர் சேர்ந்தாங்க, 4 பேர் முழுசா முடிச்சாங்க. அந்த நாலு பேரில் ரெண்டு பேர்தான் ஆள் அனுப்பினாங்க, இப்போ வர்றவங்க பெரும்பாலும் அந்த வழியில் வந்தவங்க. இன்னைக்கு 6 கிளையண்ட், செஷன் 1,200, மாசம் 14,400. டிசம்பரில் பேசின ஒரு கல்லூரி 6,000 ரூபாய் இன்னும் தரலை. செஷன் எல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல, சித்திக்கு அதில் வருத்தம்.

குற்றாலத்தில் ரம்புட்டான், மங்குஸ்தான் விக்கிறவங்க மாதிரி இவனுக்கும் சீசன் இருக்குன்னு இப்போ தெரியுது. அப்ரைசல் நேரத்தில் ஃபோன் நிறைய வருது, தீபாவளி மாசத்தில் ஒண்ணுமே இல்லை. மே மாசம் அவனுக்கு அஞ்சு வருஷம் முடியுது. அதுக்குள்ள 15 கிளையண்ட், பேங்கில் எட்டு மாசச் செலவுன்னு ரெண்டு நம்பரை அவனே ஒரு நோட்டில் எழுதி வெச்சிருக்கான். போன வாரம் வந்தப்போ ரெண்டாவதில் பாதிதான் ஆகியிருந்தது. "பாத்துக்கிடுவோம்ணே"ன்னான். இந்த சீசனுக்கும் பழைய குற்றாலம் போவோம், நோட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.