எல்லைக் கோட்டைத் தேடி மூன்று நாட்கள்

பாம்பூஃப்ளாட் துறையில் காலைப் படகுக்குக் காத்து நிற்கும்பொழுது தமிழும் வங்காளமும் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் ஒருங்கே காதில் விழும். மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அப்படகு சாத்தம் துறைக்குச் செல்கின்றது. போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரில் பணிபுரியும் நமக்கு இது அன்றாட வழி. தீவில் வளரும் நம் பிள்ளைகளுக்கோ தமிழகம் என்பது விடுமுறையில் காணும் ஊர். உறவினர் வீடுகளும் திருமண மண்டபங்களும் நிறைந்த ஊர். ஆகையால் விடுமுறை நெருங்கும்தோறும், "இம்முறை எதைக் காட்டுவது?" என்ற கேள்வி வீட்டில் எழுவது இயல்பு.

சென்ற முறை அக்கேள்விக்கு விடை தந்தது பள்ளிப் பாடநூல். அதைப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, "தமிழ்நாட்டுக்குள்ளேயே பிரெஞ்சு நாடு இருந்ததாமே! அதன் எல்லை எங்கே இருந்தது, அப்பா?" என்று கேட்டது. நம்மிடம் தக்க மறுமொழி இல்லை. அந்த எல்லையைத் தேடிச் சென்ற மோட்டார்ப் பயணத்தை எவ்வாறு வகுத்துக்கொண்டோம் என்பதைப் பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுதல் நலம். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே பகுதியில் இரண்டு நாட்களில் ஒன்பது இடங்களைக் காண முற்பட்டோம். எந்த இடத்திலும் அரை மணிக்கு மேல் நிற்கவில்லை. ஊர் திரும்பியபின், "எது பிடித்தது?" என்று வினவியபோது, "வண்டியில் தூங்கியது" என்றே விடை வந்தது! குறுகிய பயணத்துக்குப் பட்டியல் பகை என்பதை அன்று உணர்ந்தோம். அதற்கு வேண்டுவது ஒரே ஒரு வினா. அவ்வினாவுக்கு விடை தரும் இடங்களில் நிற்க வேண்டும். ஏனையவற்றை மனத்துணிவுடன் விட்டுவிட வேண்டும்.

பிரெஞ்சு இந்தியா என்பது ஒரே பரப்பாக அமைந்த நாடு அன்று. தமிழ்க் கரையில் புதுச்சேரியும் காரைக்காலும், ஆந்திரத்தில் ஏனாமும், மலையாளக் கரையில் மாகியும், வங்கத்தில் சந்திரநாகூருமாக அது சிதறிக் கிடந்தது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-இல் தோன்றிற்று. 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் நிலைகொண்டார். 1739-இல் தஞ்சை அரசிடமிருந்து காரைக்கால் கிடைத்தது. 1742 முதல் 1754 வரை ஆளுநராயிருந்த துய்ப்ளேக்ஸ் காலத்தில், தென்னகம் முழுவதும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் வந்துவிடுமோ என்னும் நிலை இருந்தது. 1760-இல் வந்தவாசிப் போரில் தோல்வி. 1761-இல் புதுச்சேரியின் வீழ்ச்சி. ஆங்கிலேயர் அந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763-இன் பாரிசு உடன்படிக்கையால் அது பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. பின்னரும் பலமுறை கைமாறி, 1816-இல் இறுதியாகத் திரும்பக் கிடைத்தது. அதன்பின் பேரரசுக் கனவு இல்லை. எஞ்சியவை சில துண்டு நிலங்களும் அவற்றைச் சுற்றிய ஒரு கோடுமே.

அக்கோட்டின் பொருள் யாது? அந்தமானில் வாழும் நமக்கு அதனை விளக்க இரு சகோதரர்களின் வாழ்வு போதும். அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்ற பாரீந்திர குமார் கோஷ் 1909-இல் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டார். 1920 வரை இங்கே சிறைவாழ்வு வாழ்ந்தார். அதே வழக்கில் விடுதலையான அவர் தமையனார் அரவிந்தர், மீண்டும் கைதாகும் நிலை நெருங்கவே, 1910-இல் முதலில் பிரெஞ்சுச் சந்திரநாகூரில் மறைந்திருந்தார். பின்னர்க் கடல்வழியே அவ்வாண்டு ஏப்ரலில் புதுச்சேரியை அடைந்தார். தம்பிக்குக் கிடைத்தது சிற்றறைச் சிறை. தமையனாருக்குக் கிடைத்தது அடைக்கலம். இருவரையும் பிரித்தது ஓர் எல்லைக் கோடே அன்றோ? நாள்தோறும் நாம் கடக்கும் துறைமுகத்தின் மறுபுறத்தில் அச்சிறை நிற்கின்றது. அதன் கதையின் மறுபாதியைப் பிள்ளைகள் காண வேண்டும் என்பதே நம் பயணத்தின் உயிர்நாடியாயிற்று.

இனி ஏற்பாடுகள். தீவிலிருந்து சென்னைக்குக் கப்பலில் செல்ல இரண்டரை முதல் மூன்று நாட்கள் வரை ஆகும். கப்பல் புறப்படும் நாள் மாறுவதும் உண்டு. ஆதலால் கரை சேர்ந்த மறுநாளே பயணத்தைத் தொடங்குவதாகத் திட்டமிடாமல், ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. விமானத்தில் வருவோருக்கும் வட மாநிலங்களிலிருந்து தொடர்வண்டியில் வருவோருக்கும் இவ்வறிவுரை பொருந்தும். விழுப்புரத்தில் இறங்குவோர் அங்கிருந்து 40 கிலோமீட்டரளவில் புதுச்சேரியை அடையலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இக்கரையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் உண்டு. சனவரியும் பிப்ரவரியும் சாலப் பொருத்தமானவை.

வாடகை வண்டி அமர்த்துவோர், புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் செல்ல உரிய அனுமதி வண்டிக்கு உண்டா என்று முன்னதாகவே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பேசிய தொகையில் சாலைச் சுங்கமும் எல்லை வரியும் அடங்குமா என்பதையும் எழுத்தில் பெறுவது நன்று. அருங்காட்சியகங்களின் வார விடுமுறை நாளைக் கேட்டறிந்து நாட்களை அமைக்க வேண்டும். பூட்டிய கதவின்முன் நிற்பதைப்போல் பிள்ளைகளைச் சோர்வடையச் செய்வது வேறில்லை.

முதல் நாள், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்கின்றோம். புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மாமல்லபுரம் வழியில்தான் இருக்கின்றது; எனினும் இம்முறை நிற்பதில்லை என்று உறுதி பூண்டோம். நமது முதல் நிறுத்தம், கடப்பாக்கத்துக்கு அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டை. உப்பங்கழி கடலோடு சேரும் இடத்தில் செங்கல் மதில்கள் சிதைந்து நிற்கின்றன. 1750-இல் இக்கோட்டை பிரெஞ்சுக்காரருக்கு அளிக்கப்பட்டது. 1760-இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றித் தகர்த்தனர். பத்தே ஆண்டுகள்! பேரரசுக் கனவு எவ்வளவு குறுகியது என்பதை எந்தப் பாடநூலைக் காட்டிலும் இம்மதில்கள் தெளிவாகக் கூறும். மாலையில் புதுச்சேரி சேர்ந்து கடற்கரையில் உலாவலாம். கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அஃது ஒரு வகையில் நன்மையே.

இரண்டாம் நாள் காலை வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே நகரைக் காண வேண்டும். நகரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு கால்வாய் ஓடுகின்றது. அதன் கிழக்கே பிரெஞ்சுக் குடியிருப்பு. மேற்கே தமிழ்க் குடியிருப்பு. முதல் எல்லைக் கோடு இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டினோம். கிழக்கே உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் வீட்டைத் தெருவிலிருந்து மறைக்கின்றன. மேற்கே தெருவை நோக்கித் திண்ணையும் தாழ்வாரமும் வழிப்போக்கரை வரவேற்கின்றன. 1761-இல் நகரம் இடிக்கப்பட்டமையால், இன்று காணும் பிரெஞ்சு வீதிகள் துய்ப்ளேக்ஸ் நடந்த வீதிகள் அல்ல. பின்னர் எழுந்தவை என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அழிந்த பழைய நகரை அறிய ஒரு தமிழர் துணை செய்கின்றார். துய்ப்ளேக்சின் துபாசியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நிகழ்ச்சியை அவர் குறிப்பிலிருந்தே நாம் விரிவாக அறிகின்றோம். அழகிய வீதிகளைக் காட்டும்பொழுது இத்தகைய செய்திகளையும் பிள்ளைகளிடம் மறைத்தல் ஆகாது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இரு மொழிகளுக்கிடையே வாழ்ந்த அப்பெரியாரிடம் தனிப் பற்று உண்டு. தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய வீதிப் பலகைகளும், தூய பவுலின் பிரெஞ்சுப் பெயர் மக்கள் நாவில் திரிந்து வழங்கும் 'சம்பா கோயில்' என்னும் பெயரும், பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவரைக் குறிக்கும் 'சொல்தா' என்னும் சொல்லும் நமக்கு விருந்தாயின.

அடைக்கலம் தேடி வந்தவருள் நம் பாரதியார் தலையாயவர். 1908 முதல் 1918 வரை அவர் இந்நகரில் வாழ்ந்தார். ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகின்றது. வ. வே. சு. ஐயரும் 1910 முதல் இங்கே தங்கியிருந்தார். அந்நாளில் ஆங்கில அரசின் ஒற்றர் இவர்களை இடைவிடாது கண்காணித்தனர். ஆயினும் எல்லைக்கு உள்ளே கைது செய்ய இயலவில்லை.

பிற்பகல் வில்லியனூர் வழியே மேற்கில் உள்ள கீழூருக்குச் சென்றோம். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் காணாத சிற்றூர் இது. நமது பயணத்தின் நடுநாயகம் இதுவே. 1954 அக்டோபர் 18-ஆம் நாள், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைவதற்கு 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1962 ஆகசுட்டு 16-ஆம் நாள் அது சட்டப்படி நிறைவெய்திற்று. போர் பலமுறை நகர்த்திய கோட்டை இங்கே வாக்கு அழித்தது. பெரிய கட்டடம் எதுவும் இல்லை. எளிய நினைவிடமே உள்ளது. பிள்ளை அதன் முன்னே நெடுநேரம் நின்று, "இவ்வளவு சிறிய இடமா?" என்று கேட்டது. அந்த வியப்பு ஒன்றே பயணச் செலவுக்கு ஈடு.

மூன்றாம் நாள் தெற்கே கடலூர் நோக்கிப் புறப்பட்டோம். இடைவெளி 22 கிலோமீட்டரே ஆயினும், வண்டியை மெல்லச் செலுத்தச் சொல்ல வேண்டிய வழி இது. புதுச்சேரி ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களும் இப்பகுதியில் பாயின் கோரைபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முள்ளோடையை அடுத்துப் புதுச்சேரி எல்லை முடிகின்றது. 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை நீங்கி இவ்வெல்லையைக் கடந்தார்; கடலூருக்கு அருகில் உடனே கைதாகி, சில வாரங்கள் அவ்வூர்ச் சிறையில் இருந்தார். பத்தாண்டுக் காலம் அவரைக் காத்த கோடு, தாண்டிய கணமே காவாது போயிற்று. "எல்லை எங்கே?" என்ற வினாவுக்கு அங்கேதான் விடை சொன்னோம். சாலையோரம் வயலும் தென்னையும் கடைகளும். இருபுறமும் ஒரே மண், ஒரே தமிழ். பெயர்ப் பலகையும் கடைகளில் சில பொருள்களின் விலையுமே மாறுகின்றன. அவ்விலையை நம்பி மதுப் புட்டிகளை எல்லை கடத்துவோர் சோதனைச் சாவடியில் இடர்ப்படுவர் என்பதையும் சொல்லி வைக்கின்றோம்.

சிதம்பரம், சீர்காழி வழியே மேலும் தெற்கே சென்றால் தரங்கம்பாடி வரும். இது பிரெஞ்சுப் பகுதி அன்று. 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. ஒரே கரையில் கடலூரில் ஆங்கிலேயர், இங்கே டேனியர், நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர், இடையிடையே பிரெஞ்சுக்காரர் என்று நின்றதைப் பிள்ளைகளுக்கு விளக்க, டேனியக் கோட்டையின் நிழலில் ஒரு மணி நேரம் போதும்.

அங்கிருந்து 15 கிலோமீட்டரளவில் காரைக்கால். புதுச்சேரியின் ஒப்பனை இங்கே இல்லை. அம்மையார் கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் அரசலாறும் கொண்ட அமைதியான தமிழ் நகரம். வெளிநாடு வாழ் தமிழருக்கும் வெளிமாநிலத் தமிழருக்கும் இவ்வூர்க் கடற்கரை ஒன்றை நினைவூட்டும். 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854-இல் குவாதலூப் தீவுக்கும் இந்தியக் கூலிகளைச் சுமந்த முதற் கப்பல்கள் சென்றடைந்தன. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அவ்வாறு கடல் கடந்தோர் பல்லாயிரவர். அவருள் பெரும்பாலோர் திரும்பவேயில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் இன்று தமிழ் அறியார்.

அக்கரையில் நின்றபொழுது நம் தீவு வாழ்வு நினைவுக்கு வந்தது. நமக்கு விடுமுறை உண்டு. திரும்பும் பயணச்சீட்டு உண்டு. பிள்ளைகளோடு தமிழில் பேசும் வாய்ப்பும் உண்டு. அவர்களுக்கு இவை வாய்க்கவில்லை. நான்காம் நாள் காலை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து சென்னை திரும்பினோம்.

கல்கத்தாவில் வாழும் அன்பர்கள் ஊக்ளி ஆற்றங்கரையிலுள்ள சந்திரநாகூரையும், கேரளத்தில் உள்ளோர் மாகியையும், ஆந்திரத்தில் உள்ளோர் காக்கிநாடாவை அடுத்த ஏனாமையும் ஒரே நாளில் சென்று காணலாம். எங்குச் சென்றாலும் ஒரு வினாவோடு செல்க. வழியில் வரும் இடங்களுள் பாதியை விட்டுவிடுக. இப்போது பாம்பூஃப்ளாட் படகிலிருந்து துறைமுகத்தைப் பார்க்கும் நம் பிள்ளை, சிறை இருக்கும் திசையைக் காட்டித் தன் தோழர்களுக்கு இரு சகோதரர்களின் கதையைச் சொல்லுகின்றது. மூன்று நாட்கள் அதற்குப் போதுமானவையாய் இருந்தன.