டிரேட்மார்க்: ரசீது வந்தால் போதாது

வீட்டில் பருப்புப்பொடி இடித்து விற்கத் தொடங்கியவர், நாலு கடைக்குச் சரக்கு போனதுமே பெயரைப் பதிவு செய்ய நினைக்கிறார். நல்ல யோசனை. ஆனால் பணம் கட்டி ரசீது வந்ததும் பெயர் தனக்கே சொந்தமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார். கையில் இருப்பது விண்ணப்ப எண் மட்டுமே.

தமிழ்நாட்டுக்கான டிரேட்மார்க் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. மொத்தம் 45 வகுப்புகள். மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. இரண்டையும் விற்றால் இரண்டுக்கும் கட்ட வேண்டும். பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும்.

பெயரில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'சுவையான பொடி' என்று சரக்கை வர்ணிக்கும் பெயர் பொதுவாகத் தேறாது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரை ஒருவர் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை யாரும் அப்படி உரிமை கொண்டாட முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்து வேறாக இருந்தாலும் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர் முன்பே பதிவாகியிருந்தால் அதுவும் சிக்கல். அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். லேபிள் அச்சடிக்கும் முன்பே தேடுங்கள்.

சில மாதங்களில் பரிசோதனை அறிக்கை வரும். இணையதளத்தில் 'அப்ஜெக்டெட்' என்று கண்டதும் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். அது நிராகரிப்பு அல்ல. அதிகாரி கேட்கும் விளக்கம். பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு ஏதாவது ஒரு ஆட்சேபம் வருவது சகஜம்தான். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்றிருந்தால் பழைய பில், லேபிள், விளம்பரம் எல்லாம் அப்போது கைகொடுக்கும். பதில் போகவில்லை என்றால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதிவிடுவார்கள். மின்னஞ்சலைத் திறக்காததால் மட்டுமே ஒரு நல்ல பெயர் கைநழுவிப் போவது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

விளக்கத்தை ஏற்றால் டிரேட்மார்க் இதழில் பெயர் வெளியாகும். நான்கு மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால் வருடக்கணக்கில் இழுக்கும். வராவிட்டால் சான்றிதழ் கிடைக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து பத்தாண்டுக்கு அது செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

சான்றிதழ் கைக்கு வரும்வரை பாக்கெட்டில் 'டிஎம்' என்று மட்டும் போடுங்கள். வட்டத்துக்குள் 'ஆர்' குறி போடுவது அதுவரை சட்டப்படி குற்றம். வாரம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைத் தட்டி நிலவரம் பாருங்கள். ஏஜெண்ட் வைத்திருந்தாலும் நீங்களே பாருங்கள்.