தண்டு தாங்குமா?

ஈரத்துணியின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசைகளில் முறுக்கிப் பிழிகிறோம். மோட்டாருக்கும் நீரேற்றிக்கும் இடையே சுழலும் எஃகுத் தண்டும் அவ்வாறே முறுக்கப்படுகிறது. அம்முறுக்கம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. முறுக்கும் விளைவைத் திருப்பு விசை என்பர். அதனை எதிர்த்து உலோகத்தினுள் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் எழும் விசை சறுக்குத் தகைவு எனப்படும். இத்தகைவு தண்டின் மையத்தில் சுழியாகவும் புறப்பரப்பில் பெருமமாகவும் இருக்கும்.

7.5 கிலோவாட் மோட்டார் ஒன்று நிமிடத்திற்கு 1440 முறை சுழல்வதாகக் கொள்வோம். கிலோவாட்டை 9550 ஆல் பெருக்கிச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், திருப்பு விசை ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர் எனக் கிடைக்கும். அதே திறனுக்குச் சுழற்சி குறைந்தால் திருப்பு விசை கூடும். கரும்பு பிழியும் எந்திரத்தில் மெதுவாகச் சுழலும் உருளையின் தண்டு பருத்திருப்பது இதனால்தான்.

இனித் தகைவைக் காண்போம். 50 நியூட்டன் மீட்டர் என்பது 50,000 நியூட்டன் மில்லிமீட்டர். அதனை 16 ஆல் பெருக்கி, விட்டத்தின் மும்மடியை 3.14 ஆல் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் தண்டிற்கு விடை ஏறத்தாழ 16 நியூட்டன். பட்டறைகளில் ‘கீ’ எனப்படும் ஆப்பினைப் பொருத்தக் காடி வெட்டிய சாதாரண எஃகுத் தண்டிற்கு 42 வரை அனுமதிக்கலாம் என வடிவமைப்பு நூல்கள் கூறுகின்றன. எனவே இத்தண்டு தாங்கும்.

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. நேரடியாக இயக்கப்படும் மோட்டார், தொடங்கும் நொடியில் இருமடங்குத் திருப்பு விசையைத் தரக்கூடும். அப்போது தகைவு 33 ஆகிறது, இன்னும் வரம்பிற்குள்தான். இத்தண்டு தேய்ந்துபோனபின், சிறிய பேரிங்கில் பொருந்தட்டும் எனக் கடைசல் எந்திரத்தில் 20 மில்லிமீட்டராகக் குறைத்துவிடுகிறார்கள் எனக் கொள்வோம். ஐந்து மில்லிமீட்டர்தானே எனத் தோன்றும். விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைய, வலிமையோ ஏறத்தாழப் பாதியாகிறது. ஓட்டத்தில் தகைவு 32. ஆகவே எந்திரம் வழக்கம்போல் இயங்கும். தொடக்கத்திலோ அது 64.

அத்தண்டு அன்றே முறிந்துவிடுவதில்லை என்பதே இதிலுள்ள இடர். ஒவ்வொரு தொடக்கத்திலும் காடியின் கூர்மூலையில் மயிரிழை போன்ற விரிசல் சிறிது வளர்கிறது. இதனை உலோகச் சோர்வு என்பர். பல மாதங்கள் கழித்து, சுமை மிகாத வேளையிலும் தண்டு முறியலாம். அருகில் நிற்பவருக்கு எவ்வித முன்னறிவிப்பும் இராது. தேய்ந்த தண்டிற்கு மாற்றாக அதே விட்டமுள்ள புதிய தண்டினைப் பொருத்துவதே முறையாகும்.