கோர்வைச் சேலையும் ஜாவாவும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்யும் தறி ஒன்றைச் சற்று நின்று பாருங்கள். கரையில்லாத எளிய சேலைக்கு ஒரே நாடா போதும். கோர்வைக்கோ உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் வேண்டும். அதனால் நெசவாளருக்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். இந்த உதவியாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெசவுக் கூலியைக் கணக்கிட ஜாவாவில் ஒரு நிரல் எழுதுவோம். முதலில் 'சேலை' என்னும் இனக்குழு. (ஜாவாவில் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே இடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை!) அதில் 'நீளம்' என்ற தரவும் 'கூலி' என்ற செயற்கூறும் உண்டு. எளிமைக்காக மீட்டருக்கு 100 ரூபாய் என்று கொண்டால், 6 மீட்டருக்கு 600 ரூபாய்.

அடுத்தது 'கோர்வைச்சேலை'. இதுவும் ஒரு சேலைதானே? 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற ஒரு சொல்லால் 'சேலை'யுடன் இணைத்துவிட்டால், நீளமும் கூலியும் தாமாகவே வந்து சேரும். இதுவே மரபுரிமம். 1967-இல் நார்வே நாட்டின் டாலும் நைகார்டும் சிமுலா மொழியில் புகுத்திய கருத்து இது.

அப்படியானால் 'கரை'யையும் சேலையின் வாரிசாக்கலாமா? கூடாது. கரை ஒரு சேலை அன்று. சேலைக்குக் கரை உண்டு. எனவே அது சேலைக்குள் ஓர் உறுப்பாக இருக்கவேண்டும். என் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

இப்போது நிரலை ஓட்டுங்கள். கோர்வைச் சேலைக்கும் 600 ரூபாய் என்றே வரும். உதவியாளின் கூலி எங்கே? பெற்றோரின் கணக்கு அப்படியே வந்துவிட்டது. கணினி பிழை எதுவும் சொல்லவில்லை. ஆகவே 'கோர்வைச்சேலை'யில் கூலியைப் புதிதாக எழுதவேண்டும். 'சூப்பர்' என்ற சொல்லால் பழைய 600-ஐ வாங்கி, உதவியாளுக்கு மீட்டருக்கு 40 வீதம் 240 கூட்டினால் 840. பட்டியலில் எல்லாவற்றையும் 'சேலை' என்றே குறித்திருந்தாலும், பொருள் எந்த இனமோ அந்த இனத்தின் கூலிதான் இயங்கும்.

ஒரு பொறி இருக்கிறது. புதிய கூலிக்கு அடைப்புக்குறிக்குள் 'உதவியாள்' என்று ஓர் உள்ளீட்டைச் சேர்த்துவிட்டால், ஜாவா அதை வேறொரு செயற்கூறாகவே கருதும். பட்டியலை ஓட்டினால் பழையதே இயங்கும், மறுபடியும் 600! செயற்கூறின் தலையில் @ குறியுடன் 'ஓவர்ரைடு' என்று எழுதிவிடுங்கள். 2004-இல் வந்த வசதி இது. பெற்றோரிடம் அதே வடிவில் செயற்கூறு இல்லையெனில், நிரல் ஓடும் முன்பே தொகுப்பி தடுத்து நிறுத்திவிடும்.