காவிரி நடுவர் மன்றம் – தெரிந்து கொள்வோம்!



ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறப்பாங்களா மாட்டாங்களான்னு நம்ம ஊர் டீக்கடையில் பேசாத ஆளே கிடையாது. அந்தப் பேச்சில் நடுவர் மன்றம், சுப்ரீம் கோர்ட், ஆணையம் எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். மூன்றும் வேறு வேறு.

வரப்புத் தகராறு என்றால் முன்சீப் கோர்ட்டுக்குப் போகலாம். தோற்றவர் அடங்காவிட்டால் அமீனா வந்து ஜப்தி செய்வார். தகராறு இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் என்றால்? மாநிலத்தை யார் ஜப்தி செய்வது?

நாடுகளுக்கு இடையிலும் இதே சிக்கல்தான். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 15 நீதிபதிகளோடு சர்வதேச நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் இரண்டு நாடும் சம்மதித்தால்தான் அது வழக்கை விசாரிக்கும். டான்யூப் நதி அணை விஷயத்தில் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா வழக்கில் 1997-ல் தீர்ப்பு சொன்னது. அதன் பிறகும் இரண்டு நாடும் பல வருஷம் பேசிக்கொண்டேதான் இருந்தன.

நம் நாட்டில் அப்படிச் சம்மதம் தேவையில்லை. அரசியல் சட்டத்தின் 262-வது பிரிவும், 1956-ம் ஆண்டு நதிநீர்த் தகராறு சட்டமும் வழி சொல்கின்றன. ஒரு மாநிலம் புகார் கொடுத்து, பேச்சுவார்த்தையில் தீராவிட்டால், மத்திய அரசு நடுவர் மன்றம் அமைக்க வேண்டும். அதன் 3 நீதிபதிகளையும் நியமனம் செய்பவர் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி.

காவிரிக்கு அது சும்மா வந்துவிடவில்லை. 1983-ல் மன்னார்குடி எஸ். ரங்கநாதன் செயலாளராக இருந்த நம் டெல்டா விவசாயிகள் சங்கம் உச்சநீதிமன்றம் போனது. அரசு 1986-ல் முறைப்படி புகார் கொடுத்தது. கோர்ட் உத்தரவிட்ட பிறகே 1990 ஜூன் 2-ல் நடுவர் மன்றம் பிறந்தது. நம் பக்கத்து விவசாயிகள் வேட்டி கட்டிக்கொண்டு டெல்லி வரை போய் ஜெயித்த வழக்கு இது. பாடப் புத்தகத்தில் வர வேண்டிய விஷயம் என்பேன்.

1991-ல் இடைக்காலத் தீர்ப்பு: மேட்டூருக்கு வருஷம் 205 டி.எம்.சி. வரணும். (ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி.) கர்நாடகம் உடனே அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்று சொல்லி உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

2007 பிப்ரவரி 5-ல் இறுதித் தீர்ப்பு. மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தார்கள். மீதி சுற்றுச்சூழலுக்கும் கடலுக்கும். தீர்ப்பு வந்தாச்சு, தண்ணி வந்துச்சா? அரசிதழில் வெளியானால்தான் அது அமலுக்கு வரும். வெளியானது 2013-ல்! அப்போதும் மேற்பார்வை பார்க்க நிரந்தர ஆணையம் இல்லை.

2018 பிப்ரவரி 16-ல் உச்சநீதிமன்றம் கணக்கை மாற்றியது. கர்நாடகம் நமக்கு விட வேண்டிய 192 டி.எம்.சி., 177.25 ஆனது. பெங்களூர் குடிநீருக்கு 4.75, நம்மிடம் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக 10. கடைமடைப் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணிதான் வருது என்பதைக் கூடவே எழுதியிருக்கலாம்! ஆனால் அதே தீர்ப்பினால்தான் 2018 ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் வந்தன. அமீனா இடத்தில் இப்போது இவர்கள். ஒக்கேனக்கலுக்கு மேலே, எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் தண்ணீரை அளக்கிறது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரிக் கணக்கு உண்டு.

மழை பொய்த்தால் என்ன செய்வது? பற்றாக்குறையை விகிதப்படி பகிரணும் என்பது தீர்ப்பு. எந்த விகிதம் என்பதில்தான் சண்டை. 2023 ஆகஸ்ட் கடைசியில், 15 நாளைக்கு வினாடிக்கு 5,000 கன அடி விடச் சொன்னார்கள். அதுவே முடியாது என்றது கர்நாடகம். பெருக்கிப் பாருங்கள், சுமார் ஆறரை டி.எம்.சி. வரும். செப்டம்பர் மாதக் கணக்கு 36.76, பாதி மாதத்துக்கே 18-க்கு மேல் வரணும். அந்த வருஷம் டெல்டாவில் பல இடங்களில் குறுவை காய்ந்தது.