கடனின்றி ஓர் அழகிய இல்லம்

தை பிறப்பதற்கு முன்னர் வீட்டைத் துப்புரவு செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, வாசலிலே செம்மண் இட்டுக் கோலம் போடுவது நம் நாட்டில் வழிவழியாக வந்த வழக்கமாகும். முன்னாளில் இதற்கு ஒரு கூடைச் சுண்ணாம்பும் வீட்டாரின் இரண்டு நாள் உழைப்பும் போதுமானவையாயிருந்தன. இன்றோ, விளம்பரங்களைக் கண்டு வர்ணம், திரைச்சீலை, விரிப்பு, அலமாரி எனத் தவணை முறையிலே வாங்கி, பொங்கல் கழிந்து பல மாதங்கள் வரை வட்டி செலுத்தும் குடும்பங்கள் உள்ளன. தறியில் உழைத்த கூலியும் வயலில் விளைந்த பலனும் சுவரின்மேல் பூசப்பட்டு, அடுத்த மழையிலே உரிந்து விழுகின்றன.

இதில் வருந்தத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. பிறர் வீடுகளை அழகு செய்யும் படுக்கை விரிப்பையும் ஜமக்காளத்தையும் திரைத்துணியையும் நெய்து தருபவர்கள் நாமே. அவ்வாறிருக்க, நம் ஜன்னல்களிலே தொங்குவது பெரும்பாலும் ஆலையில் ஆன பாலியெஸ்டர் துணியாயிருப்பது எவ்வளவு பொருத்தமற்றது! குறைந்த செலவில், நம் கையாலேயே, நம் பொருள்களைக் கொண்டே இல்லத்தை அழகுபடுத்தும் வழிகள் சிலவற்றை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

முதலில் பழுது, பிறகு அழகு

ஈரம் ஏறிய சுவரின்மேல் எத்தகைய வர்ணமும் நிலைக்காது. ஆகவே, கைப்பணத்தின் முதற் பகுதி பழுது நீக்குவதற்கே செல்ல வேண்டும். உடைந்த ஓடுகளை மாற்றுதல், கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் வாய்க்கால் வெட்டி விடுதல், சுவரைத் தொட்டுக் குவித்த மண்ணையும் எருவையும் அப்புறப்படுத்துதல் ஆகிய மூன்றையும் செய்துவிட்டால், சுவர் தானே உலரத் தொடங்கும். குழித்தறி உள்ள வீடுகளில் இது இன்னும் முக்கியம். பாவு இழை அறாதிருக்கச் சிறிது ஈரப்பதம் தேவைதான். ஆனால் குழியிலே நீர் ஊறுவது வேறு. அது நெய்பவரின் கால்களையும் மூட்டுகளையும் வருத்தும். பாவில் பூஞ்சணத்தையும் உண்டாக்கும்.

வெடிப்புகளை அடைக்கும்போது சுவரின் இயல்பை அறிந்து செய்தல் வேண்டும். மண்சுவருக்கு மண்ணும் வைக்கோலும் கலந்த சாந்து; சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து. மென்மையான பழைய சுவரிலே கடினமான சிமெண்டைத் திணித்தால், உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றிச் சிமெண்டின் ஓரத்திலேயே சுவர் உதிரத் தொடங்கும்.

சுண்ணாம்பின் சிறப்பு

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகவே இறுகுகிறது. பூச்சு சுவரோடு ஒன்றிப்போவதும் இதனாலேயே. மேலும், சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைத் தடுத்து வைப்பதில்லை. சுவர் மூச்சு விடுகிறது. எமல்ஷன் பெயிண்ட் மெல்லிய தோல்போலச் சுவரை மூடிக்கொள்வதால், ஈரமுள்ள பழைய சுவர்களிலே அது கொப்புளித்து உரிகிறது. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணம் படராமலும் தடுக்கும்.

செய்முறை எளியது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பிற்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்ற அளவில் நீற்றி, ஒரு முழு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் நன்றாகக் கலக்கிப் பரும்படியான துணியில் வடிகட்டுக. கையில் ஒட்டாதிருக்க, வெந்நீரில் கரைத்த கோந்து சிறிது சேர்க்கலாம். பளிச்சென்ற வெண்மை வேண்டுமானால், கிலோவுக்கு மூன்று கிராமுக்கு மிகாமல் நீலம் கலப்பது போதும். சுவரைப் பெருக்கி, உதிரும் பழைய பூச்சைச் சுரண்டி, நீர் தெளித்து நனைத்த பிறகே மட்டையைத் தொடுதல் வேண்டும். ஒரு பூச்சு மேலும் கீழுமாக, அடுத்தது பக்கவாட்டில். ஒன்று காய்ந்த பின்பே மற்றொன்று. ஈரமாயிருக்கையில் சுண்ணாம்பு நீர் தெளிவற்று மங்கலாகத் தோன்றும். காய்ந்த பிறகுதான் வெண்மை எழும். புதுச் சுவருக்கு மூன்று பூச்சு தேவைப்படும். பழையதற்கு ஒன்றோ இரண்டோ போதும்.

நிறம் விரும்புவோர் காவியையும் மஞ்சள் காவியையும் கலக்கலாம். மண்ணிலிருந்து கிடைக்கும் இந்நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கி நிற்பவை. வேறு பல சாயங்கள் அதில் வெளுத்துப் போகும். ஏற்கனவே எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதையும் நினைவில் வைக்க. அதைச் சுரண்டி எடுத்த பின்னரே வெள்ளையடிக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

சுண்ணாம்பு நீறும்போது கொதிக்கும். தெறித்துக் கண்ணிலே பட்டால் பார்வைக்கே கேடு விளையும். குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணில் பட்டுவிட்டால் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். சுட்ட சுண்ணாம்பு மூட்டையை வைக்கோற்போரின் அருகிலோ நனையும் இடத்திலோ வைப்பது ஆபத்தானது. ஈரம் பட்டால் எழும் வெப்பம் தீப்பற்றும் அளவிற்கு உயரக்கூடும்.

பட்டு நெய்வோர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். பட்டிழை காரத்தைத் தாங்காது. ஆகவே, பாவைச் சுற்றி எடுத்து வைத்து, தறியை நன்கு மூடிய பிறகே அந்த அறையில் வெள்ளையடித்தல் நலம்.

பழைய கதவு, பெட்டி, நாற்காலி ஆகியவற்றைத் தேய்த்துப் புதுப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாதென 2016 ஆம் ஆண்டு விதி செய்யப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றைச் சந்தேகத்துடனேயே நோக்குதல் வேண்டும். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. எனவே, உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அவ்விடத்தில் இருத்தல் கூடாது.

மரத்திற்கு ஆளி விதை எண்ணெய் பூசுவது சிக்கனமான வழி. ஆயினும் அவ்வெண்ணெயில் தோய்ந்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றும். நூற்கட்டும் துணியும் நிறைந்த வீட்டில் இது எத்தகைய விபரீதமாகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கந்தையைத் தண்ணீரில் நனைத்து வைக்க. அல்லது வெளியிலே ஒற்றையாக விரித்து உலர்த்துக.

வெளிச்சமும் ஓர் அழகே

நெசவாளர் வீடு ஒரே சமயத்தில் வாழும் இடமும் தொழிற்கூடமுமாகும். அங்கு வெளிச்சம் கூடினால் அழகு கூடுவதோடு இழை அறுந்த இடமும் உடனே கண்ணுக்குப் புலப்படும். தறிக்கு எதிரே உள்ள சுவரையும் கூரையின் உட்புறத்தையும் வெண்மையாகவே வைத்துக்கொள்க. நிறங்களை வேறு சுவர்களுக்கு ஒதுக்குக. ஓட்டு வீடானால், தறிக்கு நேர் மேலே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகளைப் பதித்து, ஆண்டுக்கு இரு முறை துடைத்து வந்தால் பகல் விளக்குச் செலவு குறையும். ஆனால் நேர் வெயில் பாவின்மேல் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் சாயம் மங்கும்.

நம் துணியே நமக்குத் திரை

ஜன்னல் திரைக்கு எவ்வளவு துணி வேண்டுமெனப் பலர் அறியாமல் கூடுதலாக வாங்குகின்றனர். கணக்கு இதுதான். திரையின் அகலம் ஜன்னலின் அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் மடிப்புகள் அழகாக விழும். நான்கடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள ஜன்னலை எடுத்துக்கொள்வோம். 48 அங்குல அகலத் துணியில் இரண்டு துண்டுகள் போதும். ஒவ்வொன்றின் நீளம்: ஜன்னல் உயரம் 48 அங்குலம், கீழே இறங்க 6, மேலே கம்பி நுழைய 4, அடி மடிப்பிற்கு 4, ஆக 62 அங்குலம். இரண்டிற்கும் சேர்த்து 124 அங்குலம், அதாவது ஏறத்தாழ மூன்றே கால் மீட்டர். பருத்தி சுருங்குமாதலால் மூன்றரை மீட்டர் வாங்குக. வெட்டுவதற்கு முன் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து உலர்த்தினால், தைத்த பிறகு சுருங்கி ஏமாற்றாது.

வெயில் படும் ஜன்னலுக்கு வாட் சாயமிட்ட துணியே ஏற்றது. அது எளிதில் வெளுக்காது. நனைத்த வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் இறங்குமா என்பது தெரிந்துவிடும். சங்கத்தில் தேங்கிய துண்டுத் துணிகளையும் சிறு குறையுள்ள துணிகளையும் தலையணை உறை, மேசை விரிப்பு, அலமாரித் திரை ஆகியவற்றிற்குப் பயன்படுத்தலாம். பழைய சேலைகளை அடுக்கித் தைத்தால் நல்ல மெத்தை விரிப்பு ஆகும்.

தரைக்கு நம் நாட்டிலேயே சிறந்த விரிப்புகள் இருக்கின்றன. பவானி ஜமக்காளம் பல்லாண்டு உழைக்கும். பத்தமடைக் கோரைப் பாய் உலகமறிந்தது. மெல்லிய ரகம் விலையுயர்ந்ததாயினும் சாதாரணக் கோரைப் பாய் யாவருக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. பாயை ஈரத் தரையில் விட்டு வைக்காமல் அவ்வப்போது நிழலில் உலர்த்தினால் பூஞ்சணம் பிடிக்காது.

விவசாய அங்கத்தினர்களுக்குப் பொருள் தோட்டத்திலேயே உள்ளது. பனை ஓலைத் தட்டி மேற்கு வெயிலைத் தடுக்கும். தென்னங்கயிறு கொண்டு பழைய கட்டிலைப் புதிதாகப் பின்னலாம். தானியச் சாக்கைத் துவைத்து ஓரம் தைத்தால் வாசற்படி மிதியடி ஆகும். திண்ணைக்கு முன் ஓர் அவரைப் பந்தல் போட்டால் நிழலும் கறியும் ஒருங்கே கிடைக்கும்.

கூடிச் செய்தால் செலவு குறையும்

இப்பணியைக் கூட்டுறவு முறையில் செய்வதே நம் சங்கத்திற்கு ஏற்றது. ஏணி, மட்டை, வடிதுணி, தொட்டி ஆகியவற்றை வீட்டுக்கு வீடு வாங்குவது வீண். சங்கமே ஒரு தொகுதி வாங்கி முறை வைத்துத் தரலாம். சுண்ணாம்பைச் சூளையிலிருந்து மொத்தமாகத் தருவித்துப் பங்கிட்டுக்கொண்டால் விலையும் குறையும், தரமும் ஒன்றாயிருக்கும். பத்து வீட்டார் சேர்ந்து, ஒருவர் வீட்டிற்கு மற்றவர் மாற்றாள் முறையில் உழைத்தால், கூலி என்ற பேச்சிற்கே இடமில்லை. மாதந்தோறும் சிறு தொகையைச் சிக்கன சேமிப்பாகச் செலுத்தி வருபவர்க்கு மார்கழியில் வட்டிக்கடை வாசலை மிதிக்க வேண்டிய அவசியமும் நேராது.

நம் மாநிலத்தின் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ் 1935 ஆம் ஆண்டு தோன்றியது. கைத்தறித் துணியை வாங்குங்கள் என்று அன்றுதொட்டு நாட்டு மக்களைக் கேட்டு வருகிறோம். அவ்வேண்டுகோளை நம் வீடே முதலில் ஏற்க வேண்டாமா? நம் இல்லத்திற்கு வரும் விருந்தினர், நம் துணியின் அழகை நம் ஜன்னலிலே கண்டு விலை கேட்டால், அதனினும் சிறந்த விளம்பரம் வேறெது?

ஆதலால், வரும் தைக்குள் ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு பழுதைச் சரி செய்து, ஒரு சுவருக்கு வெள்ளையடித்து, ஒரு ஜன்னலுக்கேனும் நம் தறித் துணியைத் திரையாக இடுவார்களாக. மூன்றும் கடனின்றி முடியக்கூடியவை. மழைக்கு உரியாத சுவரும், வட்டியில்லாத வீடும் எவ்வலங்காரத்திலும் மேலானவை அல்லவா?