அரிசியில் எழுதும் விரல்

விஜயதசமியன்று மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் ஏடு தொடக்கல் நிகழும். தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில், பெரியவரின் கைக்குள் அடங்கிய மழலை விரல் ‘அ’ எழுதும். மொழி குழந்தையிடம் முதலில் விரல்வழியே வந்து சேர்கிறது.

யூதர் இல்லங்களில் பாஸ்காப் பண்டிகை இரவில் வீட்டின் கடைக்குட்டியே வினாக் கேட்பது மரபு. முன்னோர் எகிப்தில் அடிமைப்பட்டு மீண்ட கதையைப் பெரியோர் விடையாகக் கூறுவர். நாமோ கேள்வி கேட்கும் பிள்ளையைச் ‘சும்மா இரு’ என்று அதட்டுகிறோம்!

தைப்பொங்கலன்று பயறு பொறுக்கவும் தோரணம் கட்டவும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் இடம் அளிப்போம். கோலம் கோணினால் கோணட்டுமே. வைகாசியில் கண்ணகையம்மன் சடங்குக்கு அழைத்துச் செல்கையில், திருக்குளிர்த்தி எதற்கென்று சொல்லுவோம்: மதுரையை எரித்தவளின் சினத்தைத் தணிப்பதற்கு. ‘ஏன் எரித்தாள்?’ என்ற அடுத்த கேள்விக்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் இக்கரையில் எத்தனையோ வீடுகளைப் பொருட்களோடு கொண்டுபோயின. பழைய ஏடும் படமும் இழந்த இல்லங்களில் அம்மம்மாவின் நினைவே எஞ்சிய பெட்டகம். அதைத் திறக்கப் பேரப்பிள்ளையின் கேள்வி வேண்டும். காலமும் அதிகம் இல்லை.

ஏடு தொடக்கிய சிறுமி ஒருத்தி, எழுதிய அரிசியையே அள்ளி வாயிலிட்டுக் கொண்டதை நாம் கண்டோம். ஒருவரும் தடுக்கவில்லை.